நூறு டாலரும் இரண்டாயிரம் டாலரும்

சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் கேட்டார்: "உதவி யாருக்குத் தேவையோ அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகட்டுமே. வருமானத்தை மட்டும் பார்த்தால் போதாதா? இதற்குள் எதற்கு வரலாறெல்லாம்?" உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் கேட்டு மூன்று முறை அலைந்தவர் அவர். களைப்பில் வந்த கேள்விதான். அதனால் யாரும் அவர் மீது பாயவில்லை.

இந்தக் கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் உண்டு. இம்முறை அவற்றைச் சொல்லப் போவதில்லை. வருமானத்தையும் சொத்தையும் மட்டுமே அளவுகோலாக வைத்துக்கொண்டு ஒரு நாடு தன் முதியோரைப் பராமரிக்கப் புறப்பட்ட கதையைச் சொல்கிறோம். அந்த நாடு அமெரிக்கா. அங்கே படிவத்தில் நிறம் தகுதியை முடிவு செய்வதில்லை. வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. அப்படியானால் அது நியாயமான ஏற்பாடாகத்தானே இருக்க வேண்டும்?

கதை ஒரு கிழவியிடமிருந்து தொடங்குகிறது. ஹாரியட் டப்மனை நம் தோழர்களில் பலர் அறிவார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி, திரும்பத் திரும்பத் தெற்கே போய் மற்றவர்களையும் மீட்டு வந்தவர். உள்நாட்டுப் போரில் வட அரசின் படைக்குச் செவிலியாகவும் ஒற்றராகவும் வேலை செய்தவர். 1863இல் கம்பாஹி ஆற்றில் நடந்த தாக்குதலுக்கு வழிகாட்டி 700க்கும் மேற்பட்டோரை விடுவித்தவர். பாடநூல்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். அவருடைய முதுமையை யாரும் சொல்வதில்லை.

போர் முடிந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 1895இல்தான், அரசு அவருக்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம் கொடுத்தது. அதுவும் அவருடைய உழைப்புக்காக அல்ல. படைவீரராக இருந்த கணவர் இறந்ததால் விதவைக்குரிய தொகை. 1899இல் அது 20 டாலர் ஆனது. கூடுதலாக வந்த 12 டாலர் செவிலிப் பணிக்கு. ஒற்றர் வேலைக்கு என்று எதுவும் இல்லை.

அந்த நிலையிலும் அவர் 1896இல், நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊரில், தம் வீட்டை ஒட்டிய 25 ஏக்கர் நிலத்தை ஏலத்தில் எடுத்தார். போக்கிடமற்ற கறுப்பின முதியோருக்கு ஓர் இல்லம் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. நடத்தப் பணமில்லாமல் 1903இல் அந்த நிலத்தைத் தாம் சார்ந்த கறுப்பினத் திருச்சபையிடம் ஒப்படைத்தார். 1908இல் இல்லம் திறந்தது. ஆனால் சபை ஒரு விதி போட்டது: உள்ளே வர 100 டாலர் கட்ட வேண்டும். டப்மன் கொதித்துப்போனார். கையில் சல்லிக்காசு இல்லாதவர்கள் மட்டுமே வரலாம் என்றல்லவா நான் விதி வைக்க நினைத்தேன் என்று அவர் வருந்திச் சொன்னது பதிவாகியிருக்கிறது. 1911இல் நடமாட முடியாத நிலையில் அவரும் அதே இல்லத்தில் சேர்க்கப்பட்டார். 1913 மார்ச்சில் இறந்தார்.

கையில் காசில்லாதவர்கள் மட்டுமே வரலாம். இந்தச் சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்க அரசும் ஏறக்குறைய இதே சொற்களில் ஒரு சட்டம் போடப்போகிறது. சொல் ஒன்றுதான்; பொருள் நேர் எதிர்.

டப்மன் காலத்திலேயே இன்னொரு பெண்ணும் முதுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பெயர் காலி ஹவுஸ். அடிமையாகப் பிறந்தவர், கணவரை இழந்தவர், ஐந்து பிள்ளைகளின் தாய், டென்னசி மாநிலத்தில் துணி துவைத்துப் பிழைத்தவர். 1890களில் முன்னாள் அடிமைகளுக்கு ஓய்வூதியம் கேட்டு அவர் கட்டிய சங்கம் தென்மாநிலங்கள் எங்கும் பரவியது. கோரிக்கையின் தர்க்கம் எளிமையானது. போர்வீரர்களுக்கு அரசு ஓய்வூதியம் தருகிறது. வாழ்நாள் முழுக்கக் கூலியில்லாமல் உழைத்தவர்கள் இப்போது கிழடாகிவிட்டார்கள். அவர்களுக்கு ஏன் தரக்கூடாது? அரசு தரும்வரை சங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவுமில்லை. உறுப்பினர்களின் சிறு சந்தாவைச் சேர்த்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டது, இறந்தவர்களை அடக்கம் செய்தது.

1915இல் சங்கத்தினர் அரசின் கருவூலத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். 1860களில் பருத்தி மீது வசூலித்த வரி 6 கோடியே 80 லட்சம் டாலர். அந்தப் பருத்தியை விளைவித்தது அடிமைகள்; ஆகவே அந்தப் பணம் அவர்களுடையது. அரசின் மீது அதன் சம்மதம் இல்லாமல் வழக்குப் போட முடியாது என்று சொல்லி நீதிமன்றம் தள்ளிவிட்டது. காலி ஹவுஸ் மீதோ தபால் வழி மோசடி என்று குற்றஞ்சாட்டினார்கள். கிடைக்காத ஓய்வூதியம் கிடைக்கும் என்று சொல்லி ஏழைகளை ஏமாற்றினாராம்! 1917இல், முழுக்க வெள்ளை ஆண்களே இருந்த நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. ஏறத்தாழ ஓராண்டு சிறையில் இருந்தார். வெளியே வந்து மறுபடி துணி துவைக்கப் போனார்.

உழைப்பின் கடனாகக் கேட்டது மறுக்கப்பட்டது. பின்னால் வந்ததெல்லாம் உதவியாக வந்தது. உதவி என்று வந்துவிட்டால் தகுதி பார்க்கும் அதிகாரமும் கூடவே வந்துவிடும்.

1935 ஆகஸ்ட் 14 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கு இரண்டு வாசல்களைத் திறந்தது. முதல் வாசல் காப்பீடு. வேலை செய்யும் காலத்தில் சம்பளத்தில் பிடித்தம், வயதானபின் ஓய்வூதியம். அங்கே யாரும் உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். அது உரிமை. இரண்டாம் வாசல் ஏழை முதியோர் உதவி. அங்கே அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார், பிள்ளைகள் சம்பாதிக்கிறார்களா என்று கேட்பார், பிறகு முடிவு செய்வார். அது தயவு.

முதல் வாசலில் இரண்டு தொழிலாளர் பிரிவுகளை உள்ளே விடவில்லை: விவசாயக் கூலிகள், வீட்டு வேலை செய்பவர்கள். அன்றைய கறுப்பினத் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் சார்பில் செனட் குழுவின் முன் சாட்சி சொன்ன வழக்கறிஞர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன், இந்தச் சட்டத்தைச் சல்லடைக்கு ஒப்பிட்டார். பெரும்பாலான கறுப்பின மக்கள் விழுந்துபோகும் அளவுக்குச் சரியாக ஓட்டை போட்ட சல்லடை.

இந்த விலக்கு இனவெறியால் நேர்ந்ததா, சிதறிக் கிடக்கும் கூலிகளிடம் பிடித்தம் செய்வது கடினம் என்று கருவூல அதிகாரிகள் சொன்னதால் நேர்ந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். விவாதிக்கட்டும். "நிர்வாகக் காரணம்" என்ற சொல் நமக்குப் பழக்கமான சொல்தான். ஆனால் இரண்டாம் வாசலில் நடந்ததற்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. முதியோர் உதவி, மனித மாண்புக்கும் உடல்நலத்துக்கும் ஏற்ற வாழ்க்கைக்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று மசோதாவில் ஒரு வரி இருந்தது. தென்மாநில உறுப்பினர்களின் அழுத்தத்தால் அந்த வரி நீக்கப்பட்டது. மாதம் 30 டாலர் ஒரு கறுப்பினக் கிழவருக்குப் போனால் அந்தக் குடும்பமே அதை வைத்துச் சாப்பிடும், பேரப்பிள்ளைகள் பருத்திக் காட்டுக்கு வர மாட்டார்கள் என்பது பண்ணையார்களின் பயம். தஞ்சைப் பக்கத்துத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே சட்டத்தில் இன்னொரு விதி இருந்தது. பொது நிறுவனங்களில், அதாவது பழைய ஏழைகள் விடுதிகளில், தங்கியிருப்பவர்களுக்கு உதவித்தொகை கிடையாது. அந்த விடுதிகளை ஒழிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். விளைவு வேறு மாதிரி ஆனது. உதவித்தொகையை வாங்கிக்கொண்டு முதியோர் தனியார் இல்லங்களுக்குப் போனார்கள். இன்றைய அமெரிக்காவின் தனியார் 'நர்சிங் ஹோம்' தொழில் இங்கிருந்துதான் வளர்ந்தது. (நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவம் பார்க்கும் சிறு தனியார் மருத்துவமனை. அங்கே எழுந்து நடக்கவோ, தானாகக் குளிக்கவோ, சாப்பிடவோ முடியாத முதியோர் ஆண்டுக்கணக்கில் தங்கும் இடம்.) பல தனியார் இல்லங்கள் கறுப்பின முதியோரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கையில் தொகை இருந்தும் கதவு திறக்கவில்லை.

விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலையாட்களுக்கும் முதல் வாசல் 1950இல்தான் கொஞ்சம் திறந்தது. 1954இல் இன்னும் கொஞ்சம். அதற்குள் ஒரு தலைமுறை பிடித்தமும் ஓய்வூதியமும் இல்லாமல் கிழடாகிவிட்டது.

1965 ஜூலை 30 அன்று லிண்டன் ஜான்சன் மெடிக்கேர், மெடிக்கெய்ட் இரண்டுக்கும் ஒரே நாளில் கையெழுத்திட்டார். மறுபடி அதே இரண்டு வாசல். மெடிக்கேர் வயதானவர்களுக்கான காப்பீடு. சொத்துக் கணக்கு கேட்காது. ஆனால் மருத்துவமனையிலிருந்து வந்தபின் பராமரிப்பு இல்லத்தில் அதிகபட்சம் 100 நாள்தான் அது பார்க்கும். அதிலும் 20 நாளுக்குப் பிறகு நோயாளியும் பங்கு கட்ட வேண்டும். பக்கவாதமும் மறதிநோயும் 100 நாளில் தீர்வதில்லை. அதற்குப் பிறகு? ஓராண்டுச் செலவு இன்று 1 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பும் இரண்டு மூன்று ஆண்டுகளில் கரைந்துவிடும். மீதி இருப்பது மெடிக்கெய்ட் ஒன்றுதான். இன்று அந்த இல்லங்களில் இருக்கும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு அதுதான் செலவு செய்கிறது. அது ஏழைகளுக்கானது. ஆகவே முதலில் ஏழையாக வேண்டும்.

எவ்வளவு ஏழை? பெரும்பாலான மாநிலங்களில் தனி நபருக்குக் கணக்கில் வரும் சொத்து 2,000 டாலருக்கு மேல் இருக்கக்கூடாது. வீடும், ஒரு காரும், ஈமச்செலவுக்கு ஒதுக்கிய சிறு தொகையும் கணக்கில் வராது. சேமிப்பு, இன்னொரு மனை, காப்பீட்டின் ரொக்க மதிப்பு எல்லாம் வரும். இந்த 2,000 என்பது 1989இல் வைத்த எண். அன்றைய 2,000 டாலர் இன்றைய மதிப்பில் 5,000 டாலருக்கும் மேல். எண்ணை யாரும் குறைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். விலைவாசி குறைக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டது. இல்லத்தில் சேர்ந்தபின் அவருடைய ஓய்வூதியமெல்லாம் பராமரிப்புச் செலவுக்குப் போய்விடும். சோப்பு, செருப்பு, பேத்தியின் பிறந்தநாளுக்கு ஒரு மிட்டாய் என்று கைச்செலவுக்கு மத்தியச் சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்சத் தொகை மாதம் 30 டாலர். சில மாநிலங்கள் கூடுதலாகத் தருகின்றன. அந்த 30, 1988இல் வைத்தது.

சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிட்டு வந்து நிற்கக்கூடாது அல்லவா? அதற்கும் விதி உண்டு. விண்ணப்பித்த நாளிலிருந்து பின்னோக்கி ஐந்தாண்டுக் கணக்கைப் புரட்டுவார்கள். முன்பு மூன்றாண்டாக இருந்ததை 2006இல் கையெழுத்தான சட்டம் ஐந்தாக்கியது. ஒரு பாட்டி நான்காண்டுக்கு முன் பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்கு 60,000 டாலர் கொடுத்திருந்தால், அந்த மாநிலத்தில் இல்லத்தின் சராசரி மாதச் செலவு 10,000 என்றால், ஆறு மாதம் அவருக்கு உதவி கிடையாது. அந்த ஆறு மாதம் எப்போது தொடங்கும் என்பதுதான் கொடுமை. பணம் கொடுத்த நாளிலிருந்து அல்ல. கையில் எல்லாம் தீர்ந்து, இல்லத்தில் சேர்ந்து, உதவி கேட்டு நிற்கும்போது தொடங்கும்.

1996இல் இதற்கும் ஒரு படி மேலே போனார்கள். தகுதி பெறுவதற்காகச் சொத்தைக் கைமாற்றுவதைக் கிரிமினல் குற்றமாக்கினார்கள். 'பாட்டியைச் சிறைக்கு அனுப்பும் சட்டம்' என்று ஊரே கேலி செய்தது. அடுத்த ஆண்டே திருத்தி, பாட்டியை விட்டுவிட்டு, அவருக்குக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொன்னவரைத் தண்டிக்கலாம் என்றார்கள். அதை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று அரசின் தலைமை வழக்கறிஞரே சொல்லிவிட்டார். காலி ஹவுஸ் சிறைக்குப் போய் எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீடு கணக்கில் வராது என்றோம். உயிரோடு இருக்கும்வரை வராது. 1993இல் போட்ட சட்டப்படி, 55 வயதுக்கு மேற்பட்டவருக்கு நெடுநாள் பராமரிப்பில் செலவு செய்த தொகையை, அவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து மாநில அரசு வசூலிக்க வேண்டும். "வசூலிக்கலாம்" அல்ல, "வேண்டும்". விட்டுச்செல்லும் சொத்து என்பது பெரும்பாலும் அந்த வீடு ஒன்றுதான். துணைவர் உயிரோடு இருந்தாலோ, 21 வயதுக்குட்பட்ட அல்லது மாற்றுத்திறனாளியான பிள்ளை இருந்தாலோ கை வைக்க மாட்டார்கள். நாற்பது வயதில் அம்மாவின் வீட்டில் குடியிருக்கும் மகளுக்கு அந்தக் காப்பு தானாக வராது. மேற்கு வர்ஜீனியா மாநிலம், தன் ஏழைக் குடிமக்களிடம் இதை வசூலிக்க விரும்பாமல், மத்திய அரசோடு நீதிமன்றத்தில் மல்லுக்கட்டியது, 2002இல் தோற்றது.

இப்படி வசூலித்து அரசு கஜானா நிரம்பியதா? 2019 நிதியாண்டில் நாடு முழுவதும் வசூலானது சுமார் 73 கோடி டாலர். நெடுநாள் பராமரிப்புக்கு மெடிக்கெய்ட் செலவிட்டதில் ஒரு சதவீதம்கூட இல்லை. மெடிக்கெய்ட் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஆணையமே 2021இல் இந்த வசூலைக் கட்டாயமாக்க வேண்டாம், மாநிலங்களின் விருப்பத்துக்கு விடுங்கள் என்றது. சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

இங்கேதான் மாணவரின் கேள்விக்குத் திரும்புகிறோம். இந்த விதிகளில் எங்கும் நிறம் இல்லை. எல்லோருக்கும் ஒரே 2,000 டாலர். எல்லோர் வீட்டுக்கும் ஒரே வசூல். ஆனால் பெரும் சொத்துள்ளவர் ஐந்தாண்டுக்கு முன்பே வழக்கறிஞரைப் பார்த்து அறக்கட்டளை ஒன்றை எழுதி வீட்டை அதற்குள் வைத்துவிடுகிறார். சட்டப்படி அது சரி. இதற்கென்றே ஒரு வழக்கறிஞர் துறை இருக்கிறது. சிக்குவது யார்? வாழ்நாளெல்லாம் உழைத்து ஒரே ஒரு சிறு வீட்டைச் சேர்த்தவர். 1930களில் அரசே வரைபடத்தில் சிவப்பு மை பூசி, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கு வீட்டுக்கடன் ஆபத்து என்று குறித்தது. அதையெல்லாம் தாண்டி ஒரு குடும்பம் முதன்முதலாக வாங்கிய வீடு அது. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில், வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினது 44,900. ஒரு வீடு போனால் முதல் குடும்பத்துக்கு அது இழப்பு. இரண்டாவது குடும்பத்தில் பேரப்பிள்ளைகள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பொருளாதார அளவுகோல் இன்று கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. நேற்று கைக்கு வரவிடாமல் தடுத்ததைப் பார்க்காது. நாளைக்குக் கைமாற வேண்டியதை எடுத்துக்கொள்ளும். 1935இல் முதல் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள்தான் இரண்டாம் வாசலில் நின்று ஐந்தாண்டு வங்கிக் கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். டப்மன் காசில்லாதவர்களை வாருங்கள் என்றார். சட்டம், வருவதென்றால் காசில்லாமல் ஆகிவிட்டு வா என்கிறது.

மாற்றவே முடியாத விதியும் அல்ல இது. கலிஃபோர்னியா 2022இல் சொத்து வரம்பை 1,30,000 டாலராக உயர்த்தியது. 2024 ஜனவரியில் வரம்பையே எடுத்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. ஆனால் பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது கிழவர்களின் சேமிப்புதான். 2026 ஜனவரியிலிருந்து 1,30,000 வரம்பு திரும்பும் என்று 2025இல் சட்டம் செய்தார்கள்.

1946இல் அண்ணல் அம்பேத்கர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா. மன்றத்துக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். அவர் கேட்டு வாங்கிப் படித்ததுபோல நாமும் அவர்களுடைய ஆவணங்களை நம் வேலைக்காகவே படிக்கிறோம். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது, இப்போது 1,200. ஒன்றிய அரசின் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை அதன் பங்கு இன்றும் 200 ரூபாய்தான். 2007இல் அந்தத் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயரைச் சூட்டியபோது இருந்த அதே 200. அப்படியே விட்டுவிடும் கலை அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமல்ல.

அதே 2007இல் நிறைவேறிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றாவது தொடங்கலாம் என்று மாநில அரசுகளுக்குச் சொல்கிறது. வறியவர் யார்? தம்மைப் பராமரித்துக்கொள்ளப் போதிய வசதி இல்லாதவர் என்று மாநில அரசு அவ்வப்போது தீர்மானிப்பவர். சட்டத்தில் இருப்பது இவ்வளவுதான். குடிசை மாற்று வாரிய வீடு கணக்கில் வருமா, அரசு தந்த மூன்று சென்ட் மனைப்பட்டா வருமா, ஊருக்குள் கூலிக்குப் போகும் மகன் இருந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் 'அவ்வப்போது' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. அந்தச் சட்டத்தையும் தமிழ்நாட்டு விதிகளையும் படியெடுத்து வைத்திருக்கிறோம். கேள்வி கேட்ட மாணவர்தான் அடுத்த கூட்டத்தில் 19ஆம் பிரிவை வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.